பாலக்காட்டுக் காற்றுக்குத் தன்வந்தரம்: தைலமா, குழம்பா?

மார்கழி பிறந்தால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் குளிரைவிடக் காற்றுதான் ஆளை வாட்டும். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். கிழக்கே கோவைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று அதற்குள் புகுந்து அடிக்கும்போது உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது, முழங்காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது. வறட்சி, குளிர், ஓயாத ஓட்டம் மூன்றும் வாதத்தின் குணங்கள் என்கிறது ஆயுர்வேதம். அதற்கு நேர் மருந்து வெதுவெதுப்பான எண்ணெய். இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளில் அதற்காக அதிகம் கேட்கப்படுவது தன்வந்தரம்.

கடையில் போய் "தன்வந்தரம் ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் சொன்னால் தப்பான பாட்டில் கைக்கு வரும். இந்தப் பெயரில் தைலம் உண்டு, குழம்பு உண்டு, கஷாயம் உண்டு, குளிகையும் உண்டு. கஷாயமும் குளிகையும் உள்ளே சாப்பிடுபவை. 101 ஆவர்த்தி என்று போட்டிருப்பது திரும்பத் திரும்பக் காய்ச்சிச் செறிவாக்கியது; அதை வைத்தியர் சொல்லாமல் வாங்க வேண்டியதில்லை. மேலே தேய்க்க வேண்டுமென்றால் தைலம் அல்லது குழம்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் குழம்பு என்றால் சோற்றுக்கு ஊற்றுவதுதான் நினைவுக்கு வரும். மலையாள வைத்தியத்தில் அது நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய் மூன்றும் சேர்ந்த கெட்டியான எண்ணெய். தைலம் நல்லெண்ணெய் மட்டும். இரண்டிலும் மருந்துச் சரக்கு ஏறக்குறைய ஒன்றே: குறுந்தோட்டி வேர், தசமூலம் என்னும் பத்து வேர்கள், கொள்ளு, பார்லி, இலந்தை, கூடவே பால். பிரசவமான பெண்களுக்கு உடம்பில் தேய்த்துவிடும் எண்ணெயும் இதுதான்.

எது வாங்கலாம்? ஐம்பது வயது தாண்டியவர்கள், வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள், குதிகால் பிளந்தவர்கள் குழம்பே வாங்கட்டும். விளக்கெண்ணெயும் நெய்யும் தோலில் தங்கி நிற்பதால் இந்தக் காற்றை அது நன்றாகத் தாங்கும். காலையில் பஸ் பிடிக்க ஓடுகிறவர்களுக்குத் தைலம் போதும். குழம்பு ஒரு தடவை பயறுமாவு போட்டால் போகாது, பிசுபிசுப்போடு சட்டை போட வேண்டிவரும்.

குழம்பைப் பற்றி அடிக்கடி வரும் புகார் ஒன்று. விடியற்காலையில் பாட்டிலைத் திறந்தால் அடியில் ரவை போல மஞ்சள் மணி மணியாக நிற்கும். கலப்படம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அது நெய் உறைந்தது, அவ்வளவுதான். வெந்நீரில் பாட்டிலை நிறுத்திக் குலுக்கினால் கரைந்துவிடும். மணியே இல்லாமல் எந்தக் குளிரிலும் தண்ணீர் மாதிரி ஓடுகிற குழம்பில்தான் நெய் போதுமா என்று சந்தேகப்பட வேண்டும்.

முழு உடம்புக்கு ஒரு தடவைக்கு 35 மில்லி குழம்பு வேண்டும். தைலம் என்றால் 45 வரை இழுக்கும். 200 மில்லி பாட்டில் குழம்பு ஐந்து தடவைக்கு மேல் வராது. வாரம் இரண்டு முழுத் தேய்ப்பு, மற்ற நாட்களில் பாதம், முழங்கால், காது மடல் மட்டும் ஒரு ஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். எண்ணெயை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. புகைந்தால் மருந்து கருகி வாசனையே மாறிவிடும். டம்ளரில் ஊற்றி, கொதித்து இறக்கிய தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு நிமிடம் நிறுத்தினால் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, சூடு இதமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட எலும்பில் நீளவாக்கில், மூட்டில் வட்டமாக, மொத்தம் 15 நிமிடம். பிறகு காற்று படாத இடத்தில் அரை மணி நேரம். கிழக்குப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்தால் தேய்த்ததன் பலன் பாதி போய்விடும்.

குளியலில் சோப்பு வேண்டாம், பாசிப்பயறு மாவு போதும். குழம்புக்கு உடம்பு தேய்க்கும் இஞ்சைப் பட்டை நார் இன்னும் நல்லது. கழுத்துக்குக் கீழே நல்ல சூடான தண்ணீர் ஊற்றலாம், தலைக்கு வெதுவெதுப்பே உச்சம். வெந்நீர் உடம்புக்குப் பலம், தலையில் விட்டால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்று ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. குளியலறைத் தரையில் முதலிலேயே பழைய சாக்கு விரித்துவிடுங்கள். வயதானவர்களுக்கு வாதத்தைவிட வழுக்கல் பெரிய ஆபத்து. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குத் தண்ணீர்ச் சூட்டை வேறொருவர்தான் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு ஆகாது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. சளி கட்டியிருக்கும்போது, காய்ச்சலின்போது, அஜீரணத்தில், சாப்பிட்ட உடனே எண்ணெய் தேய்க்கவே கூடாது. மூக்கு ஒழுகும்போது "தன்வந்தரம் தேய்ச்சா சரியாகிடும்" என்று தலையோடு தேய்த்துக் குளித்து, நெஞ்சுவரை சளியை இறக்கிக்கொள்வது இங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கிறது.

நெஞ்சுச் சளிக்குக் கடைகளில் எடுத்துக் கொடுப்பது கற்பூராதி. ஓம வாசனையும் கற்பூர நெடியுமாக, பெரியவர்களுக்கு மார்பிலும் முதுகிலும் தேய்க்க நல்ல எண்ணெய். கைக்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கும். பாட்டிலைக்கூடக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவும், தவறாமல் வாங்க வேண்டியதும் ராஸ்னாதிப் பொடி. காவிக்கல் சேர்வதால் செங்கல் தூள் நிறம். அரத்தை, வசம்பு, தேவதாரு, சுக்கு, மிளகு, திப்பிலி என்று நீளும் சரக்கு. தலை துவட்டியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை எடுத்து, உச்சியில் வகிடு பிரித்து, தோலில் படும்படி இளஞ்சூடு தெரியும்வரை தேய்ப்பார்கள். நீர்க்கோவைக்கு இதுதான் காவல். ஈர முடிமேல் தூவினால் சேறாகி நிற்கும், தலையணை உறை சிவக்கும், பலனும் இராது. தலைபாரம் வந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றில் குழைத்து நெற்றியில் பற்றுப் போடலாம். எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும். பாக்கெட்டைக் குளியலறையில் வைத்தால் ஆவி பட்டுக் கட்டியாகும். கண்ணாடிப் புட்டியில், வெளியே வையுங்கள். திறந்தால் நெடி ஏறாத பொடி பழசு, தூக்கிப் போடலாம்.

உள்ளே குடிக்கும் மருந்தான தசமூலாரிஷ்டத்தையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் வெல்லமும் நொதிப்பில் தானே உண்டாகும் சாராயச் சத்தும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். உள்ளே போக வேண்டிய கொழுப்பையும் சூட்டையும் இந்த மாதத்துச் சமையலே தந்துவிடுகிறது. ஹேமந்தம் என்னும் இந்த முன்பனிக் காலத்தில் பசி நன்றாக எரியும் என்பதால்தான் திருவாதிரைக் களிக்கு நெய் தாராளமாக விடுகிறார்கள், பக்கத்து மலையாள வீட்டில் கிழங்கெல்லாம் சேர்த்துப் புழுக்கு வைக்கிறார்கள்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் 450 மில்லிக்குப் போகாமல் 200 மில்லி குழம்பு ஒன்றும் ராஸ்னாதி ஒரு பாக்கெட்டும் வாங்கட்டும். லேபிளில் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து, முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டு, அரிப்பில்லை என்றால் தொடங்கலாம். தை பிறந்து காற்று அடங்கும்வரை இரண்டு பாட்டில் பிடிக்கும்.