பலகை முன்னால் குனியலாமா? சீனாவில் மோதிய இரண்டு வழிகள்

சீன வீடுகளில் தகப்பனார் இறந்தால் அவர் பெயரை எழுதிய மரப் பலகையைக் கூடத்தில் வைப்பார்கள். அதன் முன்னால் ஊதுவத்தி ஏற்றி, உணவு படைத்து, நெற்றி தரையில் பட வணங்குவார்கள். அந்த வீட்டு மகன் கிறிஸ்தவனாகிவிட்டான் என்று வையுங்கள். அவன் இனி அந்தப் பலகை முன்னால் குனியலாமா?

17ஆம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போன ஐரோப்பியக் குருக்கள் இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அது பெற்றோருக்குச் செய்யும் மரியாதை, தாராளமாகக் குனியலாம் என்றது ஜெசூட் எனப்படும் இயேசு சபை. படையல் போட்டுக் கும்பிட்டால் அது வழிபாடுதான், கூடாது என்றார்கள் தொமினிக்கன், பிரான்சிஸ்கன் என்ற வேறு இரண்டு கத்தோலிக்கச் சபைகளின் துறவிகள். இரண்டு பக்கத்திலும் விதிவிலக்கானவர்கள் உண்டு. ஆனால் ஓர் அந்நியன் பழைய பெரிய பண்பாடு ஒன்றுக்குள் எப்படி நுழைவது என்பதற்கு இவ்வளவு தெளிவாக எதிரெதிரே நின்ற வழிகள் குறைவு.

முதல் வழிக்கு முகம் இயேசு சபையின் இத்தாலியக் குரு மத்தேயோ ரிச்சி. 1583இல் ருஜ்ஜியேரி என்ற மூத்த குருவோடு குவாங்டொங் பகுதியிலுள்ள சாவோசிங் நகரில் குடியேறினார். அப்போது இருவரும் தலையை மழித்து, பௌத்தத் துறவிகள் போல உடுத்தியிருந்தார்கள். மதகுரு என்றால் அந்த ஊரில் இப்படித்தானே இருப்பார் என்பது கணக்கு. கணக்கு தப்பு. அதிகாரிகள் நடுவே பௌத்தத் துறவிக்குப் பெரிய மதிப்பில்லை. தேர்வெழுதிப் பதவிக்கு வந்த படிப்பாளிக்குத்தான் மதிப்பு. 1595இல் ரிச்சி தாடி வளர்த்து, பட்டு அங்கிக்கு மாறினார். கன்ஃபூசிய நூல்களைப் படித்து, அந்தப் படிப்பாளிகளின் மொழியிலேயே அவர்களோடு வாதாடினார்.

1602இல் பெய்ஜிங்கில் லி சிச்சாவோ என்ற சீனப் படிப்பாளியோடு சேர்ந்து அவர் அச்சிட்ட உலகப் படத்தைப் பார்த்தால் அவருடைய தந்திரம் புரியும். ஆறு பெரிய தாள்கள். ஐரோப்பா இடது கோடிக்குத் தள்ளப்பட்டு, சீனா நடுப்பக்கம் வந்திருக்கும். பூமி உருண்டை என்றும், சீனாவுக்கு வெளியே இத்தனை கண்டங்கள் உண்டு என்றும் சொல்லும் படம்தான். ஆனால் பார்ப்பவரின் மனம் கோணாமல் சொன்னது. வான்லி பேரரசருக்குக் கொடுத்த தானியங்கிக் கடிகாரங்களும் இந்த ரகம். சாவி கொடுக்காவிட்டால் நின்றுவிடும் பொருளைப் பரிசாகக் கொடுத்தால், கொடுத்தவரை ஊரை விட்டு அனுப்ப முடியாதல்லவா? அரண்மனை அலிகளுக்கு அதை இயக்கக் கற்றுக்கொடுத்தவர் ரிச்சிதான்.

சரி, இதற்கு விலை இல்லையா? இருந்தது. பெய்ஜிங் போகும் வழியில் மா டாங் என்ற அரண்மனை அதிகாரி ரிச்சியின் மூட்டை முடிச்சுகளைச் சோதித்தபோது, ரத்தம் வழிவதுபோல் வண்ணம் தீட்டிய பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) ஒன்று கையில் அகப்பட்டது. பேரரசரைக் கொல்ல வைத்திருக்கும் சூனியப் பொம்மை என்று கூச்சல் போட்டுவிட்டார். நட்பு, அறம், வடிவ கணிதம் என்று அழகாகப் பேசிக்கொண்டிருந்தவர், தன் மதத்தின் மையத்தில் சிலுவையில் அறையப்பட்ட ஒரு மனிதர் இருப்பதைச் சட்டென்று விளக்க முடியாமல் தடுமாற வேண்டியிருந்தது. சிலுவையை மறைத்துக் கிறிஸ்தவத்தை விற்கிறார்கள் என்று எதிர்த்தரப்புத் துறவிகள் பின்னாளில் குற்றம் சாட்டினார்கள். அதில் மிகை உண்டு, ஆனால் வெறும் அவதூறு என்று தள்ளவும் முடியாது.

அந்தத் துறவிகள் பிலிப்பைன்ஸில் இருந்து தைவான் வழியாக 1630களில் ஃபூஜியன் கரைக்கு வந்தவர்கள். ஃபுவான் வட்டாரத்துச் சிற்றூர்களில் வேலை செய்தார்கள். அவர்களைக் குறுகிய புத்திக்காரர்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ‘பலகையில் ஆவி இல்லை, இது வெறும் மரியாதை’ என்று பெய்ஜிங் படிப்பாளி சொல்கிறார். ஃபுவான் கிழவி என்ன நினைத்துக்கொண்டு சோறு படைக்கிறாள்? இயேசு சபையினர் நூலைப் பார்த்தார்கள், துறவிகள் வீட்டைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் கண்டது உண்மைதான்.

இயேசு சபையும் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. காகிதப் பணம் எரிப்பதை ஏற்கவில்லை. ஒருதார மணத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. உலகப் படத்துக்குத் துணைநின்ற லி சிச்சாவோவுக்கே, வைப்பாட்டி இருந்ததால் 1610 வரை ஞானஸ்நானம் தள்ளிப்போனது.

பலன் என்று பார்த்தால், அறிவுப் பரிமாற்றத்தில் போட்டியே இல்லை. சூ குவாங்சி என்ற உயர் அதிகாரியோடு சேர்ந்து யூக்ளிடின் வடிவ கணித நூலில் முதல் ஆறு புத்தகங்களை ரிச்சி 1607இல் சீனத்தில் கொண்டுவந்தார். ஷாங்காய் நகரின் சூஜியாஹுய் பகுதிக்குப் பெயர் தந்தது அந்தச் சூ குடும்பம்தான். எதிர்த்திசையில் கன்ஃபூசிய நூல்களின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1687இல் பாரிஸில் வெளியானது. அப்புறம் ஐரோப்பியச் சிந்தனையாளர்களான லைப்னிட்ஸும் வோல்தேரும் சீனாவை வியந்து எழுதினார்கள். சீனாவைக் கிறிஸ்தவமாக்கப் போனவர்கள் ஐரோப்பாவில் கன்ஃபூசியஸுக்கு ரசிகர்களைச் சேர்த்துவிட்டார்கள்!

வேர் பிடித்ததில் மட்டும் துறவிகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஃபுவானில் திருமணம் செய்யாமல் ஜெபத்துக்கும் சேவைக்கும் தங்களைக் கொடுத்துக்கொண்ட பெண்கள் கூட்டம் உருவானது. மகளைக் கட்டிக்கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்த சமூகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. 1747இல் பெத்ரோ சான்ஸ் என்ற தொமினிக்கன் ஆயரை ஃபூசோவில் தலை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் அந்த ஊர்க் கிறிஸ்தவம் அழியவில்லை.

ஆனால் அரசோடு உறவு என்று வந்தால், கடுமையான வழி படுதோல்வி. காங்ஷி பேரரசர் 1692இல் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்தார். மறு வருடம் அவருக்கு வந்த காய்ச்சலை இயேசு சபைக் குருக்கள் கொய்னா மருந்து கொடுத்துத் தணித்தார்கள். 1700இல் அவர்கள் விண்ணப்பம் வைத்தபோது, மூதாதையர் சடங்கும் கன்ஃபூசியஸ் சடங்கும் மரியாதைதான், வரம் கேட்கும் வழிபாடு அல்ல என்று காங்ஷியே கைப்பட உறுதி சொன்னார்.

ரோமில் இருந்த போப்பின் தலைமை அதைப் பொருட்படுத்தவில்லை. அங்கிருந்து போப்பின் தூதராகக் கிளம்பிய தூர்னோன், வழியில் 1703 கடைசியில் புதுச்சேரியில் இறங்கினார். நம் பக்கத்தில் அதே சண்டை நடந்துகொண்டிருந்தது. தத்துவ போதகர் எனப்பட்ட இயேசு சபைக் குரு தெ நொபிலி மதுரையில் காவி உடுத்தித் தொடங்கிய, ஊர்ப் பழக்கத்தோடு ஒத்துப்போகும் வழியில் இயேசு சபை போய்க்கொண்டிருந்தது. தூர்னோன் 1704இல் புதுச்சேரியிலிருந்தே ஆணை போட்டார்: பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குக் குருக்கள் போகாமல் இருக்கக் கூடாது. தாலி விஷயத்தில் அவருக்கு ஊர் தெரியவில்லை என்பேன். இரண்டாவதில் அவர் பக்கம்தான் நியாயம். பண்பாட்டை மதிக்கிறோம் என்ற பேரில் மதுரை மிஷன் சாதியையும் சேர்த்து மதித்திருந்தது. சீனாவில் ரிச்சியின் வழிக்கு இவ்வளவு கனமான கறை இல்லை.

பெய்ஜிங் போன தூர்னோனுக்கு எதுவும் கூடிவரவில்லை. சடங்குகளை 1693லேயே ஃபூஜியனில் தடை செய்திருந்த மேக்ரோ என்ற பிரெஞ்சு ஆயரை 1706இல் காங்ஷி நேரில் விசாரித்தார். அரியணைக்கு மேலே எழுதியிருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். ஒன்றைத்தான் படிக்க முடிந்தது என்கின்றன பதிவுகள். எழுத்தே தெரியாதவர் நம் சடங்குக்குப் பொருள் சொல்வதா என்று பேரரசர் கொதித்துப்போனார். ரிச்சியின் நடைமுறையை ஏற்பதாக உறுதி கொடுப்பவருக்கே தங்க அனுமதிச் சீட்டு என்று உத்தரவு வந்தது. தூர்னோன் 1710இல் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் காவலில் இருந்தபடியே இறந்தார். 1715லும் 1742லும் ரோம் தடையை இறுக்கியது. இடையில் 1724இல் யொங்செங் பேரரசர் கிறிஸ்தவத்தையே தடை செய்தார்.

எந்த வழி மேல் என்று கேட்டால், நான் ரிச்சி பக்கம். அந்த வழியில்தான் சீனர்கள் பதில் பேச இடம் இருந்தது. தீர்ப்பைச் சீனம் படிக்கத் தெரியாத ஊரில் எழுதியதுதான் கோளாறு.

சடங்குகள் மீது ரோம் போட்ட தடை விலகியது 1939இல். அதற்கு வழி திறந்தது 1935. ஜப்பானின் பொம்மை அரசான மஞ்சுகுவோ, கன்ஃபூசியஸ் சடங்கில் மதம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. 1700இல் காங்ஷி சொன்னதும் அதேதான். இந்தத் தடவை ரோம் ஏற்றுக்கொண்டது.