குரோம் டிவைஸ் மோடு: அகலத்தைக் காட்டும், போனைக் காட்டாது

மொபைலுக்கு இணையதளம் செய்பவர்கள் முதலில் திறக்கும் கருவி குரோம் உலாவிக்குள்ளேயே வரும் சோதனைக் கருவிப்பெட்டியான டெவ்டூல்ஸில் இருக்கும் டிவைஸ் மோடு. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஐ அழுத்தி டெவ்டூல்ஸைத் திறந்து, பிறகு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் அழுத்தினால் பக்கம் போன் அளவுக்குச் சுருங்கிவிடும். காசு கிடையாது, தனியாக நிறுவவும் வேண்டாம். இதில் சரியாகத் தெரிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்து லிங்கை அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். கிளையண்ட் தன் வீவோவில் திறந்து பார்த்துவிட்டு, "பட்டனில் பாதி எழுத்தைக் காணோமே?" என்று கேட்கும்போதுதான் சிக்கல் புரியும்.

திரையின் அகலம், உயரம், பிக்சல் அடர்த்தி, யூசர் ஏஜென்ட் (உலாவி தளத்திடம் சொல்லும் தன் அடையாளம்), விரல் தொடுதல் ஆகியவற்றை டிவைஸ் மோடு மாற்றிக் காட்டும். பக்கத்தை வரைவது என்னவோ உங்கள் லேப்டாப்பில் ஓடும் அதே குரோம் எஞ்சின்தான். பட்டியலில் ஐபோனைத் தேர்ந்தெடுத்தாலும் ஐபோனின் உலாவியான சஃபாரியின் வெப்கிட் எஞ்சின் வந்துவிடாது. ஜவுளிக்கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டிப் பார்ப்பது மாதிரி. அளவு தெரியும், போட்டுக்கொண்டு குனிந்தால் கிழியுமா என்று தெரியாது. கூகுளின் ஆவணமே இதை முதற்கட்டத் தோராயம் என்றுதான் குறிப்பிடுகிறது.

இந்தியாவில் வேலை செய்பவர்களுக்கு முதல் குறை சாதனப் பட்டியல். ஐபோன், கூகுள் பிக்சல், சாம்சங் கேலக்ஸி, மடிக்கும் போன்கள், ஏன், சமையலறையில் வைக்கும் நெஸ்ட் ஹப்கூட இருக்கிறது. ரெட்மி, ரியல்மி, வீவோ இல்லை. ஆகவே முதல் வேலையாக டெவ்டூல்ஸ் செட்டிங்ஸில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய் அகலம் 360, உயரம் 800, பிக்சல் விகிதம் 2 என ஒரு சாதனத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 720 × 1600 திரையுள்ள விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களின் கணக்கு இதுதான். வகை 'மொபைல்' என்று இருக்கட்டும். 'டெஸ்க்டாப்' என்று இருந்தால் பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்கு வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேகைக் குரோம் கண்டுகொள்ளாது. அந்த டேகை எழுத மறந்திருந்தாலும் பக்கம் அழகாகத் தெரியும், போனில்தான் எறும்பளவு எழுத்தாக வரும்.

தமிழ்த் தளங்களுக்கு இந்தக் கருவி வைக்கும் பெரிய பொறி எழுத்துரு. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் எழுத்துரு எதுவும் தராவிட்டால் விண்டோஸ் லேப்டாப்பில் நிர்மலா யூஐ வரும், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். மூன்றுக்கும் எழுத்தின் அகலமும் வேறு, மேலும் கீழும் எடுத்துக்கொள்ளும் இடமும் வேறு. 360 பிக்சல் திரையில் இருபுறமும் 16 விட்டு, நடுவில் 8 இடைவெளியோடு இரண்டு பட்டன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கு 160 பிக்சல் கிடைக்கும். உள்ளே ஓரங்களில் விடும் இடம் (பேடிங்) போக எழுத்துக்கு மிஞ்சுவது 130 வாக்கில். அதில் 'விண்ணப்பம் அனுப்பு' மயிரிழையில் ஒரே வரியில் நின்றிருந்தால், எழுத்துரு மாறியதும் இரண்டு வரியாகிவிடும். பட்டன் உயரத்தை 40 பிக்சல் என்று பூட்டி, அதை மீறி வழிவதை (ஓவர்ஃப்ளோ) மறைத்திருந்தால் இரண்டாம் வரி காணாமல் போகும். உயரத்துக்குப் பதில் குறைந்தபட்ச உயரம் கொடுங்கள், வரி உயரத்தை 1.5க்குக் குறைக்காதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழை வெப் எழுத்துருவாக நீங்களே தந்துவிட்டால் லேப்டாப்பிலும் போனிலும் ஒரே வடிவம் வரும். தமிழ் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பினால் கோப்பும் கனக்காது.

முகவரிப் பட்டை இன்னொரு ஓட்டை. போனில் பக்கத்தை உருட்டும்போது அது மறையும், திரும்ப வரும். டிவைஸ் மோடில் அது இல்லவே இல்லை. ஆகவே 100 விஹெச், அதாவது முழுத்திரை உயரம் கொடுத்த முகப்பு லேப்டாப்பில் கச்சிதமாக இருக்கும், போனில் அடியில் உள்ள பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். பட்டை வந்து போகும்போது கூடவே மாறும் டிவிஹெச், பட்டை தெரியும்போதுள்ள உயரத்தையே எடுத்துக்கொள்ளும் எஸ்விஹெச் ஆகிய அலகுகள் இதற்காகவே வந்தவை, சஃபாரி 15.4, குரோம் 108 தொடங்கி, இரண்டும் 2022ஆம் ஆண்டு முதல் வேலை செய்கின்றன. பழைய போன்களுக்காக 100 விஹெச் வரியை மேலே எழுதி, அடுத்த வரியில் 100 டிவிஹெச் எழுதுங்கள். புரியாத உலாவி இரண்டாவதைத் தாண்டிப் போய்விடும். விசைப்பலகையும் டிவைஸ் மோடில் எழும்பாது. அடியில் ஒட்டவைத்த 'பணம் செலுத்து' பட்டன் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது கையில் போனை எடுத்தால்தான் தெரியும்.

வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதியைப் பாராட்டத்தான் வேண்டும், அளவோடு. நெட்வொர்க்கில் '3ஜி' தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 400 கிலோபிட், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 2 விநாடி தாமதம். மெகாபைட் கணக்கில் படங்களைத் திணித்திருந்தால் இங்கேயே மானம் போய்விடும். ஆனால் தாமதம் கோரிக்கை அளவில்தான் சேர்க்கப்படுகிறது. பேருந்து சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது சிக்னல் அறுந்து அறுந்து வருவதை இது காட்டாது. சிபியுவை 4 மடங்கு குறைப்பதும் உங்கள் லேப்டாப்பை வைத்துத்தான். புத்தம் புது மேக்புக்கில் 4 மடங்கு என்பது பல பட்ஜெட் போன்களைவிட வேகமாகவே இருக்கும். 2025இல் வந்த குரோம் 134 முதல் செட்டிங்ஸின் 'த்ராட்லிங்' பகுதியில் கேலிப்ரேஷன் உண்டு. அதை ஒருமுறை ஓட்டினால் உங்கள் கணினிக்கு ஏற்றபடி, கீழ்நிலை போனுக்கும் நடுத்தரப் போனுக்கும் என்று தனித்தனி அளவு வைத்துத் தரும்.

ரேமைக் குறைத்துக் காட்ட வழியே இல்லை. நம் ஊர்ப் பயனருக்கு அடிபடுவது அங்கேதான். பயனர் படிவத்தை நிரப்பிவிட்டு, யூபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறார். 2 ஜிபி, 3 ஜிபி போனில் அதற்குள் குரோம் டேப் நினைவிலிருந்து தூக்கப்பட்டிருக்கும். பக்கம் முதலிலிருந்து லோடாகும். நிரப்பியதைச் சேமிக்கும் வேலையை பக்கம் மூடப்படும்போது எழும் அன்லோடு நிகழ்வில் வைத்திருந்தால், பெரும்பாலும் அது ஓடியே இருக்காது. பக்கம் கண்ணிலிருந்து மறையும்போதே எழும் விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில் சேமியுங்கள்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இதே டெவ்டூல்ஸைப் பரிந்துரைக்கக் காரணம், பலர் எட்டிப் பார்க்காத ரிமோட் டீபக்கிங். போனை யூஎஸ்பியில் செருகினால், போனில் ஓடும் நிஜப் பக்கத்தின் எலிமென்ட்ஸ், கன்சோல், நெட்வொர்க் எல்லாம் லேப்டாப்பில் திறக்கும். போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸை முதலில் எழுப்ப வேண்டும். 'அபவுட் போன்' உள்ளே பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். சாம்சங்கில் அது 'சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்' உள்ளே, ரியல்மி, ஒப்போவில் 'வெர்ஷன்' உள்ளே இருக்கும். ஷாவ்மியில் தட்ட வேண்டியது எம்ஐயூஐ வெர்ஷன் அல்லது ஓஎஸ் வெர்ஷன். பிறகு யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, லேப்டாப் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்தின் (chrome://inspect) 'டிவைசஸ்' பகுதியைத் திறந்தால் போன் திரையில் அனுமதி கேட்கும்.

போன் பட்டியலில் வரவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்; சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் ஏராளம். அடுத்து விண்டோஸில் அந்த நிறுவனத்தின் யூஎஸ்பி டிரைவர். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறந்திருந்தால் போனோடு பேசும் அதன் ஏடிபி சர்வர் குறுக்கே நிற்கலாம். பட்டியலில் வந்தும் இன்ஸ்பெக்ட் சன்னல் வெள்ளையாகவே நின்றால், பக்கத்தில் உள்ள 'இன்ஸ்பெக்ட் ஃபால்பேக்' இணைப்பைச் சொடுக்குங்கள். போனின் குரோமும் லேப்டாப் குரோமும் வேறு வேறு பதிப்பாக இருக்கும்போது இது கைகொடுக்கும்.

அதே இன்ஸ்பெக்ட் பக்கத்தில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்றொரு பட்டன் இருக்கிறது. லேப்டாப்பில் 3000ஆம் போர்ட்டில் ஓடும் தளத்தை, போனில் லோக்கல்ஹோஸ்ட் ('இதே சாதனம்' என்பதற்கான பெயர்) 3000 என்றே திறக்கலாம். வைஃபை ஐபி முகவரியை அடித்துத் திறந்தால், ஹெச்டிடிபிஎஸ் இல்லையென்று பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் ஸ்கிரிப்டும் இருப்பிட வசதியும் மறுக்கப்படும். லோக்கல்ஹோஸ்ட்டைக் குரோம் பாதுகாப்பானதாக ஏற்றுக்கொள்ளும். அனிமேஷன் தடங்கலை அளக்கும்போது மட்டும் ஸ்கிரீன்காஸ்டை அணைத்துவிடுங்கள். போன் திரையை லேப்டாப்புக்கு அனுப்பும் வேலையே ஃபிரேம்களைக் குறைத்துவிடும். இதற்கென்று ஒரு போன் வாங்குவதானால் பழைய 3 ஜிபி ஆண்ட்ராய்டு போதும். புதிதாக வாங்கினால் பிழைகள் ஒளிந்துகொள்ளும்.

ஐபோனுக்கு இந்தக் கருவி கை கொடுக்காது. சஃபாரியின் வெப் இன்ஸ்பெக்டரைத்தான் நாட வேண்டும், அதற்கு மேக் வேண்டும். மேக் இல்லாதவர்கள் தூரத்து ஆய்வகத்தில் இருக்கும் நிஜ ஐபோன்களை மாதக் கட்டணத்துக்குத் தரும் பிரவுசர்ஸ்டாக் போன்ற சேவைகளில் தோற்றத்தைச் சரிபார்க்கலாம். வேகத்தை அங்கே அளக்காதீர்கள், படம் இணையம் வழியாக வந்து சேரும் தாமதமும் அதில் கலந்திருக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது உள்ளீட்டுப் பெட்டிகளை. எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் தொட்டவுடன் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும்.

ஜியோபோனுக்காக 240 × 320 என்று அளவு வைத்துப் பார்ப்பதும் வீண் வேலைதான். அதன் இயங்குதளமான கைஓஎஸ் 2.5இல் இருப்பது ஃபயர்பாக்ஸின் எஞ்சினான கெக்கோ 48. பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் ஃபயர்பாக்ஸில் வந்ததே 52இல். லேப்டாப் குரோமில் அழகாக நிற்கும் கட்டங்கள் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்துவிடும். தொடுதிரையும் இல்லாததால் மெனு முழுவதும் அம்புக்குறி விசையில் நகர வேண்டும். இதில் விசையில் நகர்வதை மட்டும் லேப்டாப்பின் டேப் விசையை வைத்து ஓரளவுக்குப் பார்த்துவிடலாம்.