அம்மா அப்பாவுக்குத் துணையாக ஒரு நாய்: லேப்ரடார் குட்டியா, ராஜபாளையமா, வளர்ந்த தெருநாயா?

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் மட்டும் தனியாக இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு இது: "பேச்சுத்துணைக்கு ஒரு நாய் வாங்கிக் கொடுத்துடலாமா?" நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் நாயின் ஜாதியைப் பற்றியதாக மாறி, கடைசியில் ஒரு லேப்ரடார் குட்டியில் வந்து நின்றுவிடுகிறது. நாட்டு இனங்கள்மேல் பற்றுள்ள வீடு என்றால் ராஜபாளையம். கருத்தடை முடிந்த, இரண்டு மூன்று வயதைத் தாண்டிய ஒரு தெருநாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வாழும் சாதாரண வீட்டுக்கு, யாருமே பேசாத அந்த நாய்தான் பொருத்தம்.

நாயால் மனசுக்கு உண்மையிலேயே நல்லது நடக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் குழந்தைகள் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன், அவர் வளர்த்த நாய் ஜிங்கிள்ஸிடம் மட்டும் ஒட்டிக்கொண்டதைப் பதிவுசெய்தார். அதிலிருந்து நாயைத் தன் சிகிச்சையில் ஒரு கூட்டாளியாகவே சேர்த்துக்கொண்டார். 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலுமே ஆக்சிடோசின் கூடுவதைக் காட்டினார்கள். தாயையும் பிள்ளையையும் பிணைப்பதில் பங்குள்ள அதே ஹார்மோன் இது. மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

2017இல் ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் நேராக நம் கேள்விக்கு வருகிறது. தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருந்தவர்களுக்கு, அந்த 12 ஆண்டுகளில் இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. நாய்தான் இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. உடம்பில் தெம்புள்ளவர்கள்தானே நாய் வளர்க்கவே முன்வருவார்கள். ஆனால் அதில் இன்னொரு செய்தியும் உண்டு. வேட்டை இன நாய் வைத்திருந்தவர்களுக்கு இதய நோய் அபாயம் எல்லோரையும்விடக் குறைவாக இருந்தது. ஆளை நன்றாக நடக்கவைக்கும் நாய்கள் அவை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: காலையும் மாலையும் வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம், நேரத்துக்குச் சோறு வைக்கும் பொறுப்பு, தொட்டுத் தடவ ஓர் உயிர், இவைதான் மருந்து. அப்படியானால் அம்மாவால் தன் கையால் சமாளிக்க முடிகிற நாயாக அது இருக்கவேண்டும். வேலைக்கு ஆள் வைத்து வளர்க்கும் நாயால் நன்மை அந்த வேலையாளுக்குத்தான்.

பெல்ட்டைப் பிடிக்கும் கை

வளர்ந்த லேப்ரடார் 25 முதல் 35 கிலோ இருக்கும். எதிரில் ஒரு பூனை ஓடினால் அத்தனை எடையும் ஒரே இழுப்பில் கைக்கு வரும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் நாயைப் பெல்ட்டில் பிடித்து நடக்கும்போது ஏற்பட்ட எலும்பு முறிவுகளைக் கணக்கெடுத்தார்கள். 2004இல் ஆண்டுக்கு 1,671 என்று மதிப்பிடப்பட்டது, 2017இல் 4,396 ஆகியிருந்தது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ராஜபாளையம் ஒல்லிதான், ஆனால் உயரம், அதைவிட வேகம். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. சிப்பிப்பாறையும் கன்னியும் இன்னும் ஒரு படி மேல். முயலைக் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் நாய்கள் அவை. சராசரி தெருநாய் 15, 20 கிலோவுக்குள் அடங்கும். பைக், ஹாரன், கோயில் ஸ்பீக்கர், மாடு எல்லாவற்றையும் பார்த்துப் பழகியது. ரோட்டில் எதைக் கண்டும் மிரண்டு இழுப்பது குறைவு.

குட்டி என்றால் என்ன வேலை

குட்டியின் அழகைப் பற்றி யாரும் சொல்லவேண்டியதில்லை. வேலையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. அதற்கு முன்பே பிரித்துக் கொடுக்கும் ஆட்களிடம் வாங்காதீர்கள். சரி, முறையாகவே வாங்கிவந்தாலும் முதல் சில வாரம் ராத்திரித் தூக்கம் கிடையாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மூத்திரம், துடைக்க ஒவ்வொரு முறையும் குனியவேண்டும். முட்டி வலி உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பல் முளைக்கும்போது செருப்பு, சார்ஜர் ஒயர், நாற்காலிக் கால் எல்லாம் கடிபடும். பார்வோ என்ற குடல் வைரஸுக்கான தடுப்பூசி வரிசை முடியும்வரை ரோட்டில் இறக்கவே யோசிக்கவேண்டும், ஏனென்றால் ரத்த பேதியில் இரண்டு நாளில் குட்டி போய்விடும். லேப்ரடாருக்கு இந்தத் துள்ளல் அடங்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

வளர்ந்த நாயிடம் இது எதுவும் இல்லை என்பதுதான் அதன் முதல் தகுதி. இரண்டாவது, குணம் முன்னமே தெரிகிறது. குட்டியை வாங்கும்போது ஒரு எதிர்பார்ப்பை வாங்குகிறோம். மூன்று வயது நாய் சாந்தமானதா, குழந்தைகளைப் பார்த்தால் என்ன செய்யும், தட்டுக்கிட்டே கை போனால் உறுமுமா என்பதை நேரிலேயே பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

லேப்ரடாரின் பசி, ராஜபாளையத்தின் காவல்

லேப்ரடார் அருமையான நாய். பார்வையற்றோருக்கு வழிகாட்டவும், மருத்துவமனைகளில் நோயாளிகளோடு பழகவும் உலகம் முழுக்க அதைப் பயிற்றுவிப்பது சும்மா இல்லை. வீட்டில் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க ஓர் இளவட்டம் இருந்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதன் பசியை நம் ஊர் அம்மாக்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது: லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு துண்டே இல்லை. எவ்வளவு தின்றாலும் அவற்றுக்கு அடங்காது. இந்தப் பக்கம் அன்பைச் சோற்றால் காட்டும் அம்மா. காலையில் பால், நடுவில் பிஸ்கட், மத்தியானம் தயிர்சாதம், அப்பா காபிக்கு உட்கார்ந்தால் ரஸ்க். நாலு வயதில் நாற்பது கிலோ. இந்த இனத்துக்கு ஏற்கனவே இடுப்பு மூட்டுக் கோளாறு வரும். வழுவழு டைல்ஸ் தரையில் பின்னங்கால் விலகி விலகி எழமுடியாமல் திணறும் லேப்ரடாரை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால் அடுத்த பிஸ்கட்டைக் கை எடுக்காது. நாற்பது கிலோ நாயைக் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோக அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஹஸ்கி, பக் பற்றி ஒரே வரி: குளிர்ப் பிரதேசத்து அடர்த்தி முடிக்கும், மூச்சுவிடத் தடுமாறும் சப்பை மூக்குக்கும் நம் ஊர் மே மாதம் தண்டனை. வேண்டாம்.

ராஜபாளையத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு, அந்த நடை! 2005இல் தபால்தலையில் வந்த இனம். அழிந்துவிடக்கூடாது என்று சென்னை சைதாப்பேட்டையில் அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறையே ஒரு காலத்தில் நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. வெயில் அதற்குப் பழக்கம், அடிக்கடி சீக்கில் விழும் உடம்பும் இல்லை. வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது மட்டும் கவனிக்கவேண்டியது. குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

என் தயக்கம் வேறு இடத்தில். ராஜபாளையமும் கோம்பையும் தன் ஆள், அடுத்த ஆள் என்று கறாராகப் பிரித்துப் பார்க்கும் காவல் நாய்கள். தோட்டம், தோப்பு, சுற்றுச்சுவர் போட்ட வீட்டுக்கு அந்தக் குணம் பொக்கிஷம். வயதானவர்கள் வீடு அப்படியா? பால்காரர், வீட்டுவேலை செய்யும் அக்கா, சிலிண்டர் போடுபவர், ரத்தம் எடுக்க வரும் லேப் பையன், நர்ஸ் என்று நாள் முழுக்க ஆள் வந்து போகும் வீடு. ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடிவரும்போது, எஜமானை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நாய் வாசலில் மறித்து நின்றால் என்ன செய்வது? இதற்குப் பயந்து பகல் முழுக்கச் செயினில் கட்டினால் நாயின் குணம் கெட்டு இன்னும் முரடாகும். ஓடப் பிறந்ததைக் கட்டிப்போடுவது பாவமும்கூட.

தெருநாய் என்றதும் வரும் பயம்

பயம் நியாயமானது, அதைப் பேசியே ஆகவேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வழியே இல்லை என்கிற அளவுக்குக் கொடிய நோய். ஆனால் அது நாயின் பிறப்பைப் பார்த்து வருவதில்லை. ஊசி போடாத லேப்ரடார் குட்டியின் பல்கீறல்கூட ஆபத்துதான். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று விடுவதுதான் உயிரை வாங்குகிறது. எந்த நாய் என்றாலும் மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

நான் சொல்லும் நாய் ஏதோ ஒரு தெருநாய் இல்லை. கருத்தடை செய்து காது மடலில் சிறு வெட்டு அடையாளம் உள்ள, யாரோ தினமும் சோறு வைத்துப் பழக்கிய நாய். சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும் இப்படி வீட்டுக்காகக் காத்திருப்பவை உண்டு. உங்கள் தெருவில் சோறு வைக்கும் அக்காவைக் கேட்டால் எது சாது, எது பைக்கைத் துரத்தும், எது மற்ற நாயைக் கண்டால் சண்டைக்குப் போகும் என்று ஜாதகமே சொல்வார். நாலைந்து தடவை அம்மாவையே கூட்டிப்போய்ப் பழகவிடுங்கள். நாய் அவரிடம் வருகிறதா என்று பாருங்கள்.

முதல் வாரங்கள் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஹாலுக்குள் வராது. வாசற்படியில் முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, உடம்பை வெளியே வைத்துக்கொண்டு படுக்கும். தட்டை வைத்துவிட்டு நாம் திரும்பி நடந்தால்தான் சாப்பிடும். மிக்ஸி ஓடினால் எழுந்து போய்விடும். கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு நாள் நாம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்து காலடியில் முதுகைச் சாய்த்துப் படுக்கும்.

வீட்டுக்குள் விடும் முன் உண்ணியைப் பார்த்துவிடவேண்டும். காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். நகத்தால் பிய்க்காமல் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து, விடுபட்ட ஊசிகள், இவ்வளவும் முதல் வாரத்திலேயே. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கையோடு முடித்துவிடுங்கள், வீட்டு நாய் என்றாகிவிட்டால் தெருநாய்க்கும் அது கட்டாயம்தான்.

குறைகளும் உண்டு. ராத்திரி வெளியே நாய் குரைத்தால் இதுவும் குரைக்கும், அடுக்குமாடியில் அது சண்டையாகும். தீபாவளி வெடிக்கு மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடும், அந்த வாரம் கதவில் கண் இருக்கவேண்டும். சில நாய்களுக்கு நாலு சுவருக்குள் இருப்பது கடைசிவரை ஒத்துவராது. அப்படிப்பட்டதை அடைத்துவைத்து வளர்ப்பதைவிட அதன் தெருவிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வயதுக் கணக்கு

என்னைத் தெருநாய்ப் பக்கம் முழுதாகச் சாய்த்தது இதுதான். இன்று வாங்கும் குட்டி பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்பாவுக்கு எழுபது என்றால் எண்பத்திரண்டு வரை அதற்கு அவர் ஓடவேண்டும். நடுவில் ஆஸ்பத்திரி, மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம், எல்லாம் வரும். காப்பகத்து வாசலில் கட்டிவிட்டுப் போகப்படும் ஜாதி நாய்களின் கதை பல இப்படித்தான் தொடங்குகிறது. ஐந்தாறு வயது நாயை எடுத்தால் இருவர் வயதும் ஏறக்குறைய சேர்ந்து நடக்கும். எந்த நாயானாலும், "உங்களால் முடியாதபோது நான் எடுத்துக்கொள்வேன்" என்று பிள்ளைகளில் ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்ளாமல் அந்த வீட்டுக்கு நாய் போகக்கூடாது.

அம்மாவுக்கு வீட்டுக்குள் நாய் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தெருநாய்களுக்கு வெளியே தினமும் சோறு வைப்பார் என்றால் அதுவே போதும், ஆனால் முறையாக. தெருநாய்க் கருத்தடை பற்றிய 2023 விதிகள் சொல்வதுபோல் குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் பக்கம் இல்லாமல், குடியிருப்போர் சங்கத்தோடு பேசி முடிவான இடத்தில், முடிவான நேரத்தில், மிச்சம் மீதியைச் சுத்தம் செய்துவிட்டு. அந்த நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் நடந்துவிட்டதா என்று மாநகராட்சியிடமோ நகராட்சியிடமோ கேட்டுப் பின்தொடர்வதை வெளியூரில் இருக்கும் பிள்ளை போனிலேயே செய்துவிடலாம்.