பழைய எண்ணெய்த் தோம்பு வெட்ட: லிந்தாங் சாலை வெல்டிங் பட்டறை

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கேட், கிரில், லோரி பாடி என்றால் எங்கே கொடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் பழைய டீசல் தோம்பு (இரும்பு டிரம்), கறுப்பு எண்ணெய் என்கிற என்ஜின் ஆயில் தோம்பு, ஓட்டை விழுந்த டாங்கி இதையெல்லாம் வெட்டவோ ஒட்டவோ வேண்டுமென்றால் லிந்தாங் சாலையில் பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தச் சின்னப் பட்டறைக்குப் போங்கள். அவசர வேலை என்றால் மட்டும் போகாதீர்கள்.

நான் கொண்டுபோனது தோட்டத்தில் கிடந்த 200 லிட்டர் டீசல் தோம்பு. நீளவாக்கில் பிளந்து, கால் வைத்து, கோழி வாட்டுகிற அடுப்பாக்க வேண்டும். டவுனில் முதலில் கேட்ட கடையில், "டீசல்தானே, பெட்ரோலா என்ன, மூடியைத் திறந்துவிட்டு கிரைண்டர் போட்டால் அரை மணி நேரம்" என்றார்கள். கூலியும் இங்கே கேட்டதில் பாதிதான்.

இந்தப் பட்டறை அண்ணனிடம் அதைச் சொன்னதும் சிரித்தார். டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும், அதனால்தான், தம்பி, எல்லோருக்கும் அதன் மேல் பயமில்லை, ஆனால் கட்டிங் டார்ச் தகட்டைக் காய்ச்சும்போது தோம்பின் விளிம்பு மடிப்பில் ஒட்டியிருக்கிற எண்ணெய் ஆவியாகி உள்ளே நிரம்பிவிடும், அதே டார்ச்சே அதைப் பற்றவும் வைக்கும் என்றார். மூடி திறந்திருந்தாலும் அது இரண்டு அங்குல ஓட்டைதான், வெடித்தால் அந்த வழியாக எவ்வளவு வெளியேறிவிடும்? பெட்ரோல் இன்னும் மோசம், நம் ஊர் வெயிலில் எப்போதும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், அந்த ஆவி காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். நிறைந்த தோம்பைவிடக் காலித் தோம்புதான் ஆபத்து என்பது அதனால்தான், உள்ளே ஆவியோடு கலக்கக் காற்றும் இருக்கிறதே.

வேலையைப் பார்த்தால் பொறுமை சோதிக்கும். மிச்ச எண்ணெயை வடித்துவிட்டு, காஸ்டிக் சோடா போட்ட கொதிநீரை ஊற்றி உருட்டினார்கள், அப்புறம் நீராவி விட்டார்கள். சும்மா பச்சைத் தண்ணீரில் கழுவினால் எண்ணெய்ப் படலம் போகாதாம். பிறகு ஓட்டை வழியாக டார்ச்லைட் அடித்து மடிப்பை ஒரு சுற்றுப் பார்த்தார், திருப்தியில்லை, மறுபடியும் நீராவி. தீப்பிடிக்கிற ஆவி மிச்சமிருக்கிறதா என்று காட்டுகிற கேஸ் மீட்டரின் குழாயை அடிவரைக்கும் இறக்கினார், ஏனென்றால் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். சாப்பிட்டு வந்து வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை மீட்டர். அதன் பிறகும் மேல்தட்டை உளியும் சுத்தியலும் வைத்துத்தான் எடுத்தார், கிரைண்டர் அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் ஒரு டிராக்டர் டாங்கிக்கு ஒட்டுப்போடும் வேலை நடந்தது. அதைக் கழுவிய பிறகு, ஒட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, வாயை அடைக்காமல் வைத்திருந்தார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. போனை எடுக்கவே மாட்டார். சொன்ன நாளில் வேலை முடியவில்லை. கியூஆர் கிடையாது, ரொக்கம்தான். என் அடுப்பில் ஒரு கால் லேசாக ஆடுகிறது, ஓட்டுத்துண்டு வைத்துச் சமாளிக்கிறேன். கூலி அதிகம் என்பதில் எனக்கு வருத்தமில்லை, நீராவிக்கும் மீட்டருக்கும் காசு கொடுக்கிறோம்.

களைக்கொல்லித் தோம்பை வாங்கவே மாட்டார், கெஞ்சிப் பயனில்லை. எண்ணெயோ ரசாயனமோ ஒட்டிய காலித் தோம்பே மலேசியாவின் 2005 ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைப்படி எஸ்டபிள்யூ 409 (SW 409) என்ற எண்ணில், அதாவது ஆபத்தான கழிவுகளின் பட்டியலில் சேரும், தோட்டத்தில் ஓசியில் கிடைக்கிறதே என்று தூக்கி வருகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

காலையிலேயே போங்கள், கொதிகலன் அப்போதுதான் ஓடும். தோம்பில் லேபிள் இருந்தால் உரித்துவிடாதீர்கள், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத தோம்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.