'மயக்கம்' என்று தேட முடியாத அகராதி

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம், மருத்துவத் துறையினர் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் நர்ஸ்களின் பையில் பொதுவாக இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று மாதிரி வினாத்தாள் கட்டு. இன்னொன்று, ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லோ மலையாளச் சொல்லோ போட்ட சின்ன அகராதி. இந்த இரண்டாவதை வீட்டில் வைத்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்கு மாறலாமா? மாறலாம். ஆனால் அதைத் திறக்கும் வழி தெரியாமல் வாங்கினால் அலமாரிக்குத்தான் பாரம்.

சின்ன அகராதி எங்கே காலை வாரும் என்பதற்கு 'மயக்கம்' ஒன்றே போதும். கேரள எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையில் 'தலகறக்கம்' என்றால் தலைசுற்றல் மட்டும்தான்; குழப்பமில்லை. இந்தப்புறம் "மயக்கமா வருது சிஸ்டர்" என்றால் அது நாலைந்து விஷயமாக இருக்கலாம். சுற்றியிருப்பதெல்லாம் சுழல்கிறதென்றால் டிஸ்ஸி. கண் இருட்டி விழப்போகிற மாதிரி இருந்தால் ஃபீலிங் ஃபெயின்ட். விழுந்து, சற்று நேரத்தில் தானே தெளிந்திருந்தால் ஃபெயின்டட். மாத்திரை போட்டபின் கண் சொக்கினால் டிரௌஸி. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லையென்றால் அன்கான்ஷியஸ். சின்ன அகராதியில் இவற்றில் பாதிக்கு எதிரே 'மயக்கம்' என்றே இருக்கும். நோயாளியைப் பற்றி நர்ஸ் எழுதும் கடிதத்தைப் படிக்கும் மருத்துவருக்கோ டிஸ்ஸி என்றால் காதுவரைக்கும் நினைவு போகும், ஃபெயின்ட் என்றால் ரத்த அழுத்தத்துக்குப் போகும்.

ஓஇடி எழுத்துத் தாள் 45 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் நோயாளி குறிப்பைப் படிக்க மட்டும். கடிதம் சுமார் 180 முதல் 200 சொற்கள். தவறான சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரியில் விளக்கிச் சமாளிக்க அங்கே இடம் கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பியின் உழைப்பில் 1942-இல் அங்கேயே முதலில் அச்சானது. ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் வெளியிட்டது. பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே செய்ததால், பொருளோடு நிற்காமல் ஒரு சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதையும் காட்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

அந்தத் தகவல் இருப்பது பதிவுகளுக்கு நடுவே வரும் பெட்டிகளில். 'விச் வேர்ட்', 'சினானிம்ஸ்' என்று தலைப்பிட்டிருக்கும். இணையத்தில் இதே அகராதியைக் காசில்லாமல் பார்க்கலாம்; ஆனால் அங்கே பெட்டிகள் மடிந்து ஒரே வரியாகக் கிடக்கும், தொட்டால்தான் விரியும். பலர் பொருளைப் படித்ததும் பக்கத்தை மூடிவிடுவதால் இந்தப் பெட்டிகள் கண்ணிலேயே படுவதில்லை. விரித்தபின் மேலே உள்ள விளக்கத்தைவிட அடியில் 'பேட்டர்ன்ஸ்' என்று வரும் பகுதியை நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. கடிதத்தில் வாக்கியமாக வந்து உட்காருவது அதுதான்.

'ஹர்ட்' பெட்டியில் ஏக், பர்ன், ஸ்டிங், இட்ச் எல்லாம் ஒன்றாக நிற்கும். 'இஞ்ஜுர்' பெட்டியில் வூண்ட், புரூஸ், ஸ்பிரெய்ன், ஸ்டிரெய்ன். பைக்கிலிருந்து விழுந்தவர் இஞ்ஜுர்டு. ஆபரேஷன் தையல் போட்ட இடம் வூண்ட். தோல் கிழியாமல் கன்றிப்போனால் புரூஸ். மூட்டுப் பிசகி சுளுக்கினால் ஸ்பிரெய்ன், தசை இழுத்துக்கொண்டால் ஸ்டிரெய்ன். 'பர்ன்' பெட்டியில் ஸ்கால்டு என்பதைத் தவறாமல் பாருங்கள். கஞ்சியோ ஆவியோ பட்டு வெந்தால் ஸ்கால்டு. தமிழில் அதையும் தீக்காயம் என்றே எழுதிவிடுகிறோம். தீ அங்கே இல்லவே இல்லை.

தமிழே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. ரைஸ், ரெய்ஸ் இரண்டும் பலரை ஆட்டிவைக்கும். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையை நினைத்தால் தீர்ந்தது. காய்ச்சல் உயர்ந்தது, அது ரைஸ். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார்கள், அது ரெய்ஸ். லை, லே ஜோடியும் அப்படியே: படு, படுக்க வை. இதில் மட்டும் ஒரு பொறி உண்டு. லை என்பதன் இறந்தகால வடிவமும் லேதான். 'தி பேஷன்ட் லே ஆன் த பெட்' என்றால் நோயாளி தானே படுத்திருந்தார்.

குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, தமிழ்ச் சொல்லிலிருந்து தேடவே முடியாது. 'விண்விண்ணென்று தெறிக்கிறது' என்று நோயாளி சொன்னால் அதற்குத் துராபிங் என்ற சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அந்தப் பதிவைத் திறக்க முடியும். வலிக்குத் தமிழில் குடைச்சல், குத்தல், எரிச்சல், கடுப்பு என்று அருமையான தரம்பிரிப்பு இருக்கிறது. அகராதிக்கு அது தெரியாது. சுற்றுவழி ஒன்று: 'பெய்ன்' என்ற அகலமான சொல்லில் நுழைந்து, அதனோடு சேரும் ஷார்ப், டல், ஸ்டாபிங், துராபிங், நேகிங் முதலியவற்றைத் திரட்டி, எதிரே நம் ஊர்ச் சொல்லை நாமே எழுதிக்கொள்வது. குத்தலுக்கு ஸ்டாபிங், குடைச்சலுக்குப் பெரும்பாலும் நேகிங். இரண்டு பக்க நோட்டு போதும்.

இன்னொன்று, முதல் பொருளோடு நிற்கும் பழக்கத்தை இது தண்டிக்கும். 'அக்யூட்' பதிவில் முதலில் வருவது 'மிகக் கடுமையான' என்ற பொதுப்பொருள். நோய்க்குரியது அதற்கும் கீழே, எதிர்ச்சொல் குரானிக் (நாள்பட்ட) என்ற குறிப்போடு இருக்கும். வார்டு மொழியில் அக்யூட் என்பது திடீரென்று வந்ததைச் சொல்வது. கடுமைக்குச் சிவியர் தனியாக உண்டு.

பொது அகராதி என்பதால் மருத்துவக் குறிப்புகளின் தனி வழக்குக்கு இதையே முழுக்க நம்பவும் கூடாது. குறிப்பில் 'டினைஸ் செஸ்ட் பெய்ன்' என்றிருந்தால், கேட்டதற்கு நெஞ்சுவலி இல்லை என்றார் என்று மட்டும்தான் அர்த்தம். மறைக்கிறார் என்ற சந்தேகம் அதில் கிடையாது. மருந்து வேண்டாமென்றால் ரெஃப்யூஸ்டு. தமிழில் இரண்டுக்கும் 'மறுத்தார்' என்று போட்டால் கடிதமே தடம் மாறும். அதுபோல நோயாளி உணர்ந்து சொல்வது சிம்ப்டம், நாம் பார்த்தும் அளந்தும் கண்டுபிடிப்பது சைன். 'அறிகுறி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

அச்சா, இணையமா என்றால் உச்சரிப்புக்கு இணையம். நீல ஒலிபெருக்கி பிரிட்டிஷ், சிவப்பு அமெரிக்கன். பிரிட்டன் போகிறவர்கள் நீலத்தையே அழுத்தலாம். உட்கார்ந்து படிக்க அச்சு வசதி, பெட்டிகள் விரித்தபடியே கிடக்கும். பழைய பதிப்பு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் தாராளமாக எடுக்கலாம், ரைஸும் ரெய்ஸும் பத்து வருஷத்தில் மாறிவிடாது. காசு கொடுக்குமுன் 'ஹர்ட்' பக்கத்தைப் புரட்டி, சினானிம்ஸ் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.