கியூபா ரும்பாவா, காங்கோ ரும்பாவா?

இரண்டும் ஆட்டத்துக்கான இசைவகைகள். பெயர் ஒன்றுதான், கேட்டால் சொந்தமென்றே தோன்றாது. ஹவானா, மட்டன்சாஸ் துறைமுகப் பகுதிகளில் வளர்ந்த கியூபா ரும்பாவில் கொங்கா மேளங்கள், கிளாவே கட்டைகள், குரல்கள் இவைதான் முக்கியம். கிட்டாருக்கு வேலையே இல்லை. காங்கோ ரும்பாவுக்கோ கிட்டார்தான் உயிர். சொல்லப்போனால் அதன் நேரடி மூதாதை ரும்பாவே அல்ல; 1930களிலிருந்து கப்பலேறி வந்த 'சோன்' என்ற இன்னொரு கியூபா இசைவகையின் இசைத்தட்டுகள். அவற்றின் மேல் ரும்பா என்று அச்சிட்டிருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் கலைஞர்கள் அதை உள்ளூர் மொழியான லிங்காலாவில் பாடினார்கள். அப்புறம் பாட்டின் பின்பாதியில் 'செபென்' என்ற நீண்ட கிட்டார் ஓட்டத்தைச் சேர்த்தார்கள். ஆட்டம் சூடுபிடிப்பது அங்கேதான். அந்தக் கிட்டார் கென்யா, தான்சானியா பாடல்கள் வரை பரவியது. கியூபா ரும்பாவின் தாளம் சல்சா என்ற ஆட்ட இசைக்குள் புகுந்தது. யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் கியூபா ரும்பா ஏறியது 2016இல், காங்கோ ரும்பா 2021இல். தாளப்பிரியர்களுக்கு முதலாவது, என் ஓட்டு செபெனுக்கு.