நிறுத்திவைத்த மின்சாரக் காரும் தண்டையார்பேட்டை பேட்டரிக் கடையும்

பெற்றோரை ஓஸ்லோவுக்கு வரவழைத்துப் பல மாதங்கள் எங்களோடு வைத்திருந்துவிட்டு, மீண்டும் தண்டையார்பேட்டையில் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் இந்த முறை ஊருக்கு வந்தேன். விமானம், குடியேற்றச் சோதனை, பெட்டிகள் வந்து சேர்ந்த வேகம் ஆகியவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தன. எழுத வேண்டியதெல்லாம், அடுக்குமாடியின் தரைத்தளத்தில் உறை போர்த்தி நின்ற அப்பாவின் மின்சாரக் காரைப் பற்றியும், அதை நீண்ட நாள் நிறுத்திவைக்கும் முறையை விற்றவர்கள் சொல்லிக்கொடுத்த அழகைப் பற்றியும்தான்.

அப்பா பழைய பழக்கத்தை விடாதவர். முன்பெல்லாம் கோடை விடுமுறைக்குக் கிளம்பும்போது பஜாஜ் ஸ்கூட்டரின் பெட்ரோல் குழாயை மூடி, ஸ்டாண்டு போட்டு, பழைய வேட்டியால் போர்த்திய பிறகுதான் வீட்டுப் பூட்டைத் தொடுவார். திரும்பி வந்து ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு நாலு உதை உதைத்தால் அது புகையைக் கக்கிக்கொண்டு எழுந்துவிடும். அதே ஒழுக்கத்தோடு, ஓஸ்லோவுக்குக் கிளம்பும் முன் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய், மாதக்கணக்கில் வண்டியை எடுக்கப்போவதில்லை, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். “ஃபுல் சார்ஜ் போட்டு நிறுத்திட்டுப் போங்க சார், ஒண்ணும் ஆகாது” என்று அங்கிருந்த ஆலோசகர் சொல்ல, அப்பாவும் அப்படியே செய்துவிட்டார்.

சொன்னதும் தவறு, சொல்லாமல் விட்டதும் தவறு. லித்தியம் அயான் பேட்டரி ஓடும்போது மட்டுமல்ல, சும்மா நிற்கும்போதும் மூப்படைகிறது. நிரம்பிய சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் அந்த மூப்பு வேகமெடுக்கும். அதனால்தான் நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் சார்ஜைப் பாதியளவில், ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதத்துக்குள், விட்டுவைக்கச் சொல்வார்கள். நார்வேயின் பனிக்காலத்தில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கணிசமாகக் குறையும், அதற்காக நாங்கள் எல்லோரும் புலம்புவோம். ஆனால் நிற்கும் பேட்டரியின் ஆயுளைக் குளிர் அவ்வளவாகத் தின்பதில்லை, சென்னையின் மே மாத வெக்கைதான் தின்னும். அப்பாவின் கார் நூறு சதவீத சார்ஜோடு ஒரு கோடை முழுவதையும் இங்கே கழித்திருக்கிறது.

சொல்லாமல் விட்டது இன்னொரு பேட்டரியைப் பற்றி. தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியைத் தவிர, மற்றக் கார்களில் இருப்பதைப் போலவே பானெட்டுக்குள் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இதில் உண்டு. பூட்டு, திரை, கணினிகள், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர் எனப்படும் கனமான சுவிட்சுகள் ஆகிய அனைத்தும் அந்தச் சின்னதின் தயவில்தான் இயங்குகின்றன. வண்டி அசையாமல் நின்றாலும் அலாரமும் கைப்பேசிச் செயலிக்கான இணைப்பும் அதைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில கார்கள் பெரியதிலிருந்து சின்னதுக்கு அவ்வப்போது தாமாகவே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும்; அப்பாவின் கார் அந்த வகை இல்லை. வீடு நிறைய அரிசி மூட்டை இருந்தும் வாசல் சாவி தொலைந்த கதைதான்.

உறையை விலக்கிச் சாவியை அமுக்கினால் வண்டியில் ஒரு மினுக்கும் இல்லை. சாவிக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் பக்கக் கதவில் நுழைத்தேன். காசிமேட்டு உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்த பூட்டு, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் திரும்பியது. உள்ளே திரை இருண்டு கிடந்தது. சார்ஜரைச் செருகியும் பயனில்லை, சார்ஜ் ஏற்று என்று உத்தரவிட வேண்டிய கணினிக்கே உயிர் இல்லை.

உதவி எண்ணில் பேசிய பெண் வண்டி எண், சேசிஸ் எண், இதுவரை ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைக் கேட்டார். திரையே எரியாத வண்டியில் கிலோமீட்டரை எங்கே பார்ப்பது என்றதற்கு, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் புகாரைப் பதிய முடியாது என்று மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார். அப்பா தம் டைரியில் எழுதிவைத்திருந்த பழைய கணக்கைச் சொல்லித்தான் அந்தக் கட்டம் நிரம்பியது. பிறகு அழைப்பு ஒரு தொழில்நுட்பக்காரருக்கு மாறியது. அவர் பானெட்டைத் திறக்கக்கூடச் சொல்லாமல், பெரிய பேட்டரியே போயிருக்கலாம், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால்தான் தெரியும் என்றார். அதன் விலை காரின் விலையில் எவ்வளவு பங்கு என்பது தெரிந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மின்சாரக் காரைச் சக்கரம் உருள இழுத்துச் சென்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று கெடும் என்பதால் தட்டையான லாரியில் ஏற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னது சரிதான். அந்த லாரியும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து எங்கள் தெருமுனை வரை வந்தது. அங்கே இஸ்திரி வண்டியையும், தண்ணீர் லாரியையும், யாரோ தோண்டி மூடாமல் போன பள்ளத்தையும் ஓட்டுநர் இறங்கி நின்று பார்த்தார். “உள்ள வராது சார்” என்று சொல்லிவிட்டு, வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஓஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மின்சாரக் கார் ஒரு பனிக்காலத்தில் இதேபோல் படுத்துக்கொண்டபோது, உதவிக்கு வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் திறந்தது பானெட்டைத்தான். நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள் என்பதால் அங்கே இந்த அறிவு தெருவரை இறங்கியிருக்கிறது. இங்கே பச்சை நம்பர் பிளேட் மட்டுமே தெருவரை இறங்கியிருக்கிறது என்று அன்று மாலை அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா காப்பியை வைத்துவிட்டு, வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி போடும் தம்பியைக் கூப்பிடேன் என்றார்.

அந்தத் தம்பியின் கடை ஷேர் ஆட்டோக்களுக்கும் இன்வெர்ட்டர்களுக்கும் பேட்டரி விற்கும் கடை. ரப்பர் செருப்பும் கையில் மல்டிமீட்டருமாக வந்தவர், பானெட்டைத் திறந்ததும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் காட்டி, “இந்த ஆரஞ்சு ஒயர் பக்கம் நான் போமாட்டேன் சார், அது பெரிசோட சமாச்சாரம். இந்தச் சின்னதுதான் நம்ம ஏரியா” என்றார். உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிறம் என்பதை அவர் எந்தப் பயிற்சி வகுப்பில் கற்றார் என்று நான் கேட்கவில்லை. நல்ல நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி, மீட்டரில் ஐந்தைக்கூடத் தொடவில்லை. எலி எதையும் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தாம் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து பாசிட்டிவைப் பாசிட்டிவுக்கும், நெகட்டிவை வண்டியின் வெற்று உலோகப் பகுதி ஒன்றுக்கும் கொடுத்தார். தரைக்கு அடியிலிருந்து டக்கென்று ஓர் ஓசை, திரை விழித்தது, பெரிய பேட்டரியில் 94 சதவீத சார்ஜ் அப்படியே இருந்தது. அதைப் பார்க்க அந்தத் தொழில்நுட்பக்காரர் அங்கே இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

காலியாகவே பல வாரங்கள் கிடந்த ஈய அமில பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும், பிறகு சார்ஜ் நிற்காது என்பதால் சின்னதை மாற்ற வேண்டியதாயிற்று. பழையதை எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்து, வேலைக்கு அவர் கேட்ட கூலியில் ஓஸ்லோவில் ஒரு காப்பியும் ரொட்டியும் வாங்கலாம், அவ்வளவுதான். வண்டி நகர்ந்தபோது பிரேக் தட்டுகள் துருவேறித் தெரு முழுக்கக் கேட்கும்படி அலறின. மின்சாரக் காரில் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்துவிடுவதால் தட்டுகள் ஓடும்போதே அதிகம் தேய்வதில்லை, படிந்த துருவும் உரசி உதிர்வதில்லை, அதிலும் கடலோரத்தில் மாதக்கணக்கில் நின்றால் கேட்கவே வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு நடை ஓட்டி, பிரேக்கை நன்றாக அழுத்தி அழுத்திப் பிடித்ததில் சத்தம் அடங்கியது. பிறகு சர்வீஸ் சென்டரிலிருந்து, புகார் திருப்திகரமாக முடிந்துவிட்டதா, பத்துக்குப் பத்து கொடுப்பீர்களா என்று ஒரு அழைப்பு வந்தது.

குளிர்காலத்தில் அப்பாவும் அம்மாவும் மறுபடி எங்களிடம் வருகிறார்கள். அதற்கான ஏற்பாட்டைப் பேட்டரிக் கடைத் தம்பியோடு பேசி முடித்திருக்கிறேன். பெரியது பாதி சார்ஜில் நிற்கும். சின்னதின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, கதவை உலோகச் சாவியால் பூட்டுவோம். டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுப்போம். மாதம் ஒருமுறை அவர் வந்து கம்பியை மாட்டித் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் எதற்கு என்ற அப்பாவின் வாதம் மட்டும் எடுபடவில்லை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கிய கார்கள் பலவும் சும்மா நின்றிருந்தவைதான். வடகிழக்குப் பருவமழை முடியும் வரையிலாவது தரைத்தளத்தின் மேடான மூலையை எங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மூலையில் அவருடைய சொந்தக் கார் நிற்பதால், கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.